மதியம் கொஞ்சம் கசக்கும்

கஸ்பார் மொத்தா தன் புதுச் சுங்கானில் புகையிலை அடைத்து முதன்முதலாகப் பற்ற வைத்த மதியம், அதன் கெட்ட ருசி அவருடைய நாக்குக்குப் போகாமல் சங்குக்குளித் தெருவில் இருந்த மற்ற எல்லோருடைய நாக்குக்கும் போய்ச் சேர்ந்தது. மாதா கோயில் மதில் தொடங்கி லியோன் கொரைராவின் மக்ரூன் கடை வரைக்கும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டவர்கள், கோபத்தில் பட்டினி கிடந்தவர்கள், வாயைத் திறந்துபோட்டுத் தூங்கியவர்கள் என்று ஒருவர் மிச்சமில்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்து துப்பினார்கள். படகுக்குக் கீல் பூசுகிற தூரிகையை வாயில் வைத்தாற்போல இருந்தது என்று படகுக்காரர்கள் சொன்னார்கள், கீலை ருசி பார்த்திராத நாங்களும் ஆமாம் ஆமாம் அதேதான் என்று ஒத்துக்கொண்டோம்.

கஸ்பார் மட்டும் பின்கட்டுப் பூவரசு மரத்தடியில் கால்மேல் கால் போட்டு நிம்மதியாக இழுத்துக்கொண்டிருந்தார். கப்பல் என்ஜினுக்கு எண்ணெய் விட்டே காலம் கழித்தவர் அவர். அவரோடு எல்லாத் துறைமுகமும் பார்த்த பழைய சுங்கான், அவர் வேலையை விட்டுக் கரைக்கு வந்தபின் ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில், அவருக்கு ஒன்றும் ஆகாமல் அது மட்டும் இரண்டாகப் போனது. சேதி கேள்விப்பட்டு, கூட வேலை பார்த்த கொச்சிக்காரர் வர்கீஸ் அனுப்பி வைத்ததுதான் இந்தப் புதுச் சுங்கான், பிரையர் என்று ஒரு செடியின் வேர்க்கட்டையில் குடைந்தது. புதுக்கட்டை கசக்கும், முதலில் அரைக்குழி புகையிலைதான் போட வேண்டும், மெல்ல மெல்ல இழுக்க வேண்டும், இழுக்க இழுக்க உள்சுவரில் கரி பிடித்துப் பத்துப் போட்டாற்போல உறையும், அந்தப் பத்து மரத்தின் பச்சை ருசியை மூடிவிட்டால் அப்புறம் தேன்தான், அதுவரை பல்லைக் கடித்துக்கொள் என்று வர்கீஸ் சொல்லி அனுப்பியிருந்தார். கஸ்பாரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஒன்றும் கசக்கவில்லை. வர்கீஸ் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவர் என்று நினைத்துக்கொண்டார்.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பிலோமி. மதிலுக்கு மேலே புகை எழும்போது நாக்கில் கசப்பு ஏறுவதும், புகை ஓயும்போது இறங்குவதுமாக இருப்பதை அவள் கண்டு சொன்னதும், ஆளுக்கொரு சோதனை செய்து பார்த்தார்கள். ஒருவர் மாங்காய்ப் பத்தையை வாயில் அடக்கிக்கொண்டு லியோன் கடைப் படியில் ஏறி நின்றார், கசந்தது. படியிறங்கி மெயின் ரோட்டில் கால் வைத்தார், புளித்தது. ஏன் இப்படி என்று கேட்டவர்கள் எங்கள் தெருவில் குறைவு. எத்தனை மணிக்கு என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

மணி தெரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. கஸ்பார் கப்பலில் இருந்த பழக்கத்தில் ஒரே நேரத்துக்குச் சாப்பிடுகிறவர். அவர் சாப்பிட்டு, கிணற்றடியில் கை கழுவி, பூவரசடிக்குப் போய்ச் சுங்கானைப் பற்ற வைப்பார், அதன்பிறகு அவர் மனைவி சலேத்தம்மாள் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். ஆகவே கஸ்பார் வீட்டுக் கிணற்று வாளிச் சத்தம் கேட்பதற்குள் தெருவே சாப்பாட்டை முடித்துக்கொள்ளப் பழகியது. பிந்தியவர்கள் புகை ஓயும்வரை தட்டை மூடி வைத்துக் காத்திருந்தார்கள். பால் மறக்கடிக்க வேப்பிலை அரைத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் அரைப்பதை விட்டுவிட்டு அந்த நேரத்துக்குப் பிள்ளையை மடியில் போட்டார்கள். கஷாயம் குடிக்க வேண்டியவர்கள் எப்படியும் கசக்கத்தானே போகிறது என்று அப்போது குடித்தார்கள். விவரம் தெரியாமல் நடுமதியத்தில் பெண் பார்க்க வந்த வீட்டாருக்குக் காப்பி கொடுத்தபோது, மாப்பிள்ளைப் பையன் முகம் கோணாமல் கடைசிச் சொட்டுவரை குடித்ததைப் பார்த்துவிட்டு, இவரையே கட்டிக்கொள்கிறேன் என்று பெண் சொல்லிவிட்டாள், இன்றைக்கும் அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

தவக்காலம் தொடங்கியிருந்ததால் பங்குச்சாமியாருக்கும் வேலை சுலபமாயிற்று. “கர்த்தருக்குக் காடியும் கசப்பும் குடிக்கக் கொடுத்தாங்க. நமக்கு மத்தியானத்துல ஒரு அரைமணி நேரம். இதை ஒறுத்தலா ஒப்புக்கொடுங்க,” என்று பிரசங்கத்தில் சொன்னார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த வருஷம் சினிமாவை விட்டவர்களும் பீடியை விட்டவர்களும், அதுதான் கசக்கிறதே, இது போதாதா என்று சினிமாவையும் பீடியையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஒத்துப்போகாதவர் லியோன் கொரைரா ஒருவர்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மக்ரூனில் இருப்பதே முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும்தான், வெள்ளையையும் சீனியையும் அடித்து நுரையாக்கி, முந்திரியைக் கலந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் அவர் அடுப்பில் ஏற்றுவார், அடிக்கிற நேரம் நடுமதியம். ஈஸ்டருக்குத் தூத்துக்குடிக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் அவர் மக்ரூன் போக வேண்டும். அவருடைய மக்ரூனைப் பற்றி அவருடைய அப்பா இறந்த பிறகு ஒரு மனிதர் குறை சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை. சீனி எங்கேயாவது கூடிக் குறைந்து போய்விடுமோ என்ற பயத்தில் மனிதர் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

சலேத்தம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம், கல்யாணம் என்று தெருவில் எந்த அடுப்பு மூட்டினாலும் கொதிக்கிற குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு அவளிடம்தான் ஓடுவார்கள். அவள் நக்கிப் பார்த்து உப்பு என்பாள், புளி என்பாள், ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினால் இறக்கிவிடலாம் என்று அர்த்தம். முந்தின வருஷம் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய நாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மீனும் சோறும் பழமும் எல்லாமே வாயில் நனைந்த காகிதம் மாதிரிதான். கைப்பழக்கத்தில் சமைத்தாள், கஸ்பார் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டார், ஆனால் அவள் இரண்டு கவளத்துக்கு மேல் இறக்குவதில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போயிற்று. “குடுக்கறதுக்கு எங்கிட்ட மருந்து இல்லைங்க. அவங்க சாப்பிடணும். இப்படியே சாப்பிடாம இருந்தாக் கஷ்டம்,” என்று டாக்டர் கஸ்பாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கஸ்பார் தினமும் நல்ல மீனாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு மதியம் சுங்கான் அணையப் பார்த்தது, கையில் இருந்த தீப்பெட்டி காலி. அடுப்பில் கொள்ளி எடுக்கலாம் என்று கஸ்பார் உள்ளே வந்தார். சலேத்தம்மாள் குழம்புச் சட்டியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுங்கான் அணைந்தது, அவளுடைய கையும் சட்டிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

“அணைஞ்சிட்டா?” என்று கேட்டாள்.

“ஆமா. தீப்பெட்டி எங்க வச்சிருக்க?”

“அடுப்புல நெருப்பு இருக்குல்லா. சீக்கிரம் பத்த வைங்க.”

அவர் பற்ற வைத்து இழுத்தார். அவள் விரலை வாயில் வைத்துக் கண்ணை மூடினாள்.

“புளி தூக்கல்,” என்றாள். “இன்னைக்குப் புளி தூக்கலா இருக்கு. நேத்து உப்பே இல்ல. நீங்க ஒண்ணும் சொல்லாமத் தின்னுட்டுப் போயிருக்கிய.”

கஸ்பார் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கசப்பு முதலில் வருகிறது என்றும், அதன் பின்னாலேயே ஒவ்வொன்றாக மற்றதெல்லாம் வருகிறது என்றும், புகை நின்றால் கதவைச் சாத்தினாற்போல எல்லாம் போய்விடுகிறது என்றும் அவள் சொன்னாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் என்றாள். இத்தனை நாளும் மரத்தடியில் அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறார், உள்ளே அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லுத காரியமா? தெருவே துப்பிட்டுக் கெடக்கு. பிலோமி மதில்கிட்ட வந்து ஒரே கசப்பு அக்கான்னு அழுவுதா, நானும் ஆமா பிலோமின்னுதேன். தவக்காலத்துல எல்லாரும் ஒறுத்தல் பண்ணுதாவ, நான் மட்டும் விருந்து திங்கேன்னு தெரிஞ்சா மூஞ்சில முழிக்க முடியுமா? மாதா மேல ஆணையா வெளிய சொல்லிராதிய.”

அவர் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர் சுங்கானின் குழியை வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தார். அடியில் கரி பிடிக்கத் தொடங்கியிருந்தது. வர்கீஸ் சொன்னது ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் சலேத்துக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்கிறது, ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கட்டை இன்னும் கொஞ்சம் பழகிவிடுகிறது. பழகிவிட்டால் தீர்ந்தது.

அதிலிருந்து அவர் மரத்தடியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அடுப்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். அவள் சோற்றில் கை வைத்ததும் பற்ற வைப்பார், நெருப்பு அணைந்துவிடாத அளவுக்கு மட்டும் மெல்ல இழுப்பார், அவள் கை கழுவியதும் கவிழ்த்துத் தட்டிவிடுவார். அரைமணி நேரக் கசப்பு கால்மணி நேரமானது. தெரு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், படவில்லை, ஏனென்றால் இந்த வேகத்தில் போனால் சுங்கான் ஈஸ்டருக்குப் பழகாது என்று லியோன் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். உள்விவரம் எல்லோருக்கும் தெரியும், வர்கீஸ் சொல்லி அனுப்பியதைக் கஸ்பாரே பெருமையாகத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

லியோன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். “அண்ணாச்சி, நாளையில இருந்து காலையில, மத்தியானம், சாயங்காலம்னு மூணு நேரமும் ஊதுங்க. நாங்க பொறுத்துக்கிடுதோம். ஒரேயடியாத் தீத்துருங்க.”

“கட்டைய அவசரப்படுத்துனா விரிஞ்சிரும் லியோன்.”

“விரியட்டும். விரிஞ்சா விட்டது தொல்லை.”

“மெதுவாத்தான் பழக்கணும்,” என்றார் கஸ்பார். வயசாக வயசாகப் பிடிவாதம் என்று சொல்லிக்கொண்டே நாலு பேரும் திரும்பிப் போனார்கள். உள்ளே அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று சலேத்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆண்களால் ஆகாததைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். பழக்குவது என்ற காரியம் எங்கள் தெருப் பெண்களுக்குப் புதிதில்லை. புது மண்சட்டியோ கல்சட்டியோ வாங்கினால் வடிகஞ்சியை ஊற்றி ஊற வைத்து, கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, நல்லெண்ணெய் தடவி நிழலில் காய வைத்து, இப்படியே சில நாள் செய்தால் எப்பேர்ப்பட்ட சட்டியும் பச்சை வாசனை போய்ப் பழகிவிடும். மண்ணும் கல்லும் பழகும்போது கட்டை பழகாதா என்றாள் பிலோமி. கஸ்பார் வங்கிக்குப் போயிருந்த ஒரு காலை நேரம் கையில் கஞ்சிப் பானையோடு வந்து நின்று, “ஏக்கா, அந்தச் சனியன எடுத்துக் குடு. நான் பழக்கித் தாரேன்,” என்றாள்.

சலேத்தம்மாளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஏன் மாட்டேன் என்று பிலோமி கேட்பாளே. தன் கையாலேயே மாடத்திலிருந்து சுங்கானை எடுத்து, தன் முந்தானையால் ஒரு தடவை துடைத்து, பிலோமியின் கையில் கொடுத்தாள். “பாத்துப் பண்ணு,” என்று மட்டும் சொன்னாள். பிலோமி போன பிறகு அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றதாக எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

கஞ்சியில் ஊறி, கொதித்து, எண்ணெய் குடித்து, மினுமினுவென்று சுங்கான் திரும்பி வந்தது. வந்த அன்று மதியம் கஸ்பார் அதைப் பற்ற வைத்தபோது தெருவில் கிளம்பிய சத்தத்தில் மாதா கோயில் புறாக்கள் எழுந்து பறந்தன. பழைய கசப்பு அப்படியே இருந்தது, அதற்குமேல் ஊசிப்போன கஞ்சியின் புளிப்பும் சிக்குப் பிடித்த எண்ணெயின் காறலும் சேர்ந்துகொண்டன. கொதித்த கொதியில் பிடித்திருந்த கொஞ்சநஞ்சக் கரியும் கரைந்து போயிருந்தது. பிலோமி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. “எங்கையால பழக்குன சட்டி ஒண்ணு சோடை போனதில்ல, அது கட்டையோட பெறவிக் கொணம்,” என்று பிற்பாடு சொன்னாள். சலேத்தம்மாள் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள், இந்தப் புளிப்புக்குச் சாளைப் பொரியல் பிரமாதமாக இருக்கிறது என்று கஸ்பாரிடம் ரகசியமாகச் சொன்னாள்.

ஆனாலும் நெருப்பு அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கஸ்பார் எவ்வளவு சிக்கனமாக இழுத்தாலும் கரி மறுபடி பிடித்தது, பிடித்த கரி மேலேறியது. முதலில் கஞ்சிப் புளிப்பு போயிற்று, அப்புறம் எண்ணெய்க் காறல் போயிற்று, குருத்தோலை ஞாயிறு வந்தபோது கசப்பு வெற்றிலைக் காம்பு அளவுக்கு இறங்கிவிட்டது. பெரிய வெள்ளியன்று அது எவ்வளவு மெலிந்திருந்ததென்றால், நாங்கள் எல்லா வருஷமும் போல வேப்பங்கொழுந்து பறித்து மென்றோம். தெரு சிரித்த முகமாக நடமாடியது. சலேத்தம்மாளின் தட்டில் சோறு நாளுக்கு நாள் குறைந்தது, அவளுக்கு எட்டுகிற ருசிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் உப்பு மட்டும் இருந்தது. இன்னும் மெதுவாக இழுங்கள் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் குழிக்குள் பார்த்துப் பார்த்து மாடத்தில் வைத்தார்.

ஈஸ்டர் மதியம் தெருவெல்லாம் ஆட்டுக்கறி மணந்தது. கஸ்பார் சாப்பிட்டு, கை கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சுங்கானைப் பற்ற வைத்தார். புகை எழுந்தது. எங்கள் யாருக்கும் கசக்கவில்லை. கறி கறியாகவே ருசித்தது. அங்கே பூவரசடியில், கஸ்பாரின் சொந்த நாக்கில் முதன்முதலாக ஒரு ருசி வந்து இறங்கியது, காய்ந்த அத்திப்பழம் போல, தேன் போல, வர்கீஸ் சொன்னதற்கு இம்மியும் குறையாமல். இரண்டு இழுப்புக்கு மேல் அவர் இழுக்கவில்லை.

அவர் உள்ளே போனார். சலேத்தம்மாள் கறிச்சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நல்லா இருக்கா?” என்று கேட்டாள்.

“தேனா இருக்கு.”

“சந்தோசம்,” என்றாள் அவள். உண்மையாகவே சொன்னாள். பிறகு மாத்திரை விழுங்குகிற மாதிரி ஒரு கவளத்தை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்து இறக்கினாள்.

கஸ்பார் கப்பலில் வைத்திருந்த மடக்குக்கத்தியைத் தேடி எடுத்தார். கிணற்றுக்கல்லில் உட்கார்ந்து, சுங்கான் குழிக்குள் கத்தியை விட்டுச் சுரண்டினார். அத்தனை நாள் தெரு முழுக்கத் துப்பித் துப்பிச் சேர்த்த கரி, பொடியாக அவர் வேட்டியில் கொட்டியது. அடியில் மரத்தின் நிறம் தெரிந்த பிறகும் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் சுரண்டினார். அப்புறம் புகையிலையை, அரைக்குழி இல்லை, விளிம்பு வரைக்கும் அடைத்து, நின்றபடியே பற்ற வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார்.

தவக்காலம் முழுக்கக் காத்திருந்து வாயில் வைத்த கறி கசந்தால் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. தட்டை அப்படியே போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், லியோன் முன்னால் வர, தெருவே கஸ்பார் வீட்டுக்குள் நுழைந்தது. “கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா?” என்று கத்திக்கொண்டே வந்த லியோன் அடுப்படி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

சலேத்தம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், வளையல் முழங்கையிலிருந்து நழுவி மணிக்கட்டில் வந்து விழுவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். திருடும்போது பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிலோமிக்குத்தான் முதலில் புரிந்தது. “ஏக்கா,” என்றாள், “ஒனக்கு ருசி தெரியுதா?”

சலேத்தம்மாள் தலையை மட்டும் அசைத்தாள்.

“சுங்கான் பத்துனா மட்டுமா?”

அதற்கும் தலையை அசைத்தாள். எங்கள் வாயெல்லாம் கீல் கசப்பு. வெளியே துப்பக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை, விழுங்கிக்கொண்டு நின்றோம். லியோன் திரும்பி, வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு பொட்டலத்தோடு மூச்சிரைக்க வந்தார், பிரித்து, அன்றைக்குச் சுட்டதில் ஒரு மக்ரூனை எடுத்து அவள் தட்டில் கறிச்சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“தின்னு பாருங்க மைனி.”

அவள் கஸ்பாரைப் பார்த்தாள். அவர் இழுத்தார். அவள் மக்ரூனின் நுனியைக் கடித்து, நாக்கின்மேல் வைத்துக் கரையவிட்டு, நேரம் எடுத்துக்கொண்டு, பழைய சலேத்தம்மாள் குழம்புச் சொட்டை நக்கிப் பார்க்கிறபோது எப்படிக் கண்ணைச் சுருக்குவாளோ அப்படிச் சுருக்கினாள்.

“சீனி கூடிப்போச்சு தம்பி,” என்றாள்.

லியோன் கொரைராவின் முகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அப்பா இறந்ததிலிருந்து அவரிடம் அப்படி ஒரு சொல் சொன்னவர்கள் இல்லை. சரிதானா என்று தின்று பார்க்கலாமென்றால் அவர் வாய் கசந்துகொண்டிருந்தது. வாயில் சுங்கானோடு நின்ற கஸ்பாரை விட்டால், அந்த நேரத்தில் தெருவில் சீனி தெரிகிற நாக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“எவ்வளவு கூட மைனி?” என்று கேட்டார்.

“ஒரு கை. நொரை இன்னும் ஏறணும், முட்டைய அவசரத்துல அடிச்சிருக்கிய.”

“தவக்காலம் பூரா ருசி பாக்க முடியல மைனி,” என்றார் லியோன். சண்டைக்காரக் குரல் அல்ல அது. அதற்குள் சுங்கான் அணையப் பார்க்கவே, “அண்ணாச்சி, வுட்டுறாதிய,” என்று அவரே தீக்குச்சியைக் கிழித்துக் குழிக்குமேல் பிடித்தார். சலேத்தம்மாள் தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு இது பேச்சுக்குரிய விஷயமாக இல்லாமல் போயிற்று. கரி ஏறுவதும் கஸ்பார் சுரண்டுவதும் வழக்கமானது. கஸ்பார் மறந்தாலும் தெருவில் யாராவது நினைவுபடுத்துவார்கள், “அண்ணாச்சி, ரெண்டு நாளா நல்லாத்தானே இருக்கு, சுரண்டலியா?” என்று. மதியத்தில் ஒரு கிண்ணத்தில் மக்ரூன் நுரை கடையிலிருந்து சலேத்தம்மாள் வீட்டுக்குப் போய், சீனி, நுரை என்று சேதியோடு திரும்பி வரும். அவள் வளையல் மணிக்கட்டிலேயே தங்கியது, பிறகு சின்னதாகிப்போய் மாற்ற வேண்டிவந்தது. எங்கள் தெருவில் வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம், தண்ணீர் வசதி உண்டு, காற்று நன்றாக வரும், மதியம் கொஞ்சம் கசக்கும் என்று சொல்லிவிடுவோம். சிலர் ஏன் என்று கேட்பார்கள். ஒரு அம்மா சாப்பிடுகிற நேரம் என்போம். சிலர் வேறு வீடு பார்க்கப் போனார்கள், சிலர் முன்பணம் கொடுத்தார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. சுரண்டிச் சுரண்டிச் சுங்கானின் சுவர் முட்டை ஓடு மாதிரி மெலிந்துவிட்டது, கையில் பிடித்தால் சுடுகிறது என்று கஸ்பார் துணி சுற்றிப் பிடித்தார்.

ஒரு மதியம், அப்போதுதான் மழை விட்டிருந்த நேரம், கிணற்று வாளிச் சத்தம் கேட்கவில்லை. மழையில் காதில் விழுந்திருக்காது என்று நினைத்து, கசப்பு ஏறி இறங்கட்டும் என்று தட்டை மூடி வைத்துக் காத்திருந்தோம். ஏறவில்லை. பசி தாங்காமல் பிலோமி மட்டும் தட்டைத் திறந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். அயிலை மீன் குழம்பு. உப்பும் புளியும் காரமும் இருக்க வேண்டிய அளவில் இருந்தன, நல்ல ருசியாக இருந்தது. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். இரண்டாவது கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து, எச்சில் கையோடு தெருவுக்கு வந்தாள். லியோன் கையில் முட்டை நுரையோடு கடைப்படி இறங்கி வந்துகொண்டிருந்தார், விரலை நாக்கில் வைத்துப் பார்த்திருப்பார் போல. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் கஸ்பார் வீட்டை நோக்கி நடந்தோம், மாதா கோயில் துக்க மணி அதற்குப் பிறகுதான் அடித்தது.